மோட்டார் சைக்கிளுக்கும் மூச்சு உண்டு

“வண்டி சமாசாரமெல்லாம் ஆண்கள் பாடு, நமக்கெதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. வண்டி ஓட்டுவது வேண்டுமானால் அவர்கள் பாடாக இருக்கலாம். அது படுத்துக்கொண்டால் வருகிற செலவு யார் பாடு? அரிசி டின்னுக்குள்ளும் பீரோவில் புடவை மடிப்புக்குள்ளும் நாம் சேர்த்து வைக்கிற காசுதானே அதற்கும் போகிறது!

என் கணவர் ஒரு மசாலாப் பொடி ஏஜென்சியில் லைன் வேலை பார்க்கிறார். கோபியிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒரு நாள் சத்தியமங்கலம், ஒரு நாள் அந்தியூர், ஒரு நாள் பவானி என்று கடை கடையாக ஏறி இறங்கி, ஆர்டர் எடுத்து, பணம் வசூல் பண்ணிக்கொண்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். தினம் 70, 80 கிலோமீட்டர். மாதம் 2000-க்குக் குறையாது. 2014-ல் வாங்கின ஸ்பிளெண்டர் வண்டி. எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறதே, அது அந்த வண்டியின் எஞ்சின் ஓடுகிறதால்தான்.

அந்த எஞ்சினுக்குள்ளே ‘வால்வு’ என்று இரண்டு சாமான் இருக்கிறது. பார்ப்பதற்குக் காளான் மாதிரி, மெல்லிய தண்டும் தட்டையான தலையுமாக இருக்கும். ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளும். மூக்கின் இரண்டு துவாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். என்ன, இங்கே ஒன்றில் இழுத்து மற்றதில் விடுகிறது, பிராணாயாமம் செய்கிற மாதிரி! நடுவில் இரண்டுமே இறுக மூடிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. அப்போதுதான் உள்ளே கலவை அழுந்தி, தீப்பொறி பட்டு வெடித்து, வண்டி நகர்கிறது. குக்கர் மூடி சரியாக உட்காராவிட்டால் பக்கவாட்டில் ‘புஸ்’ஸென்று ஆவி போய்ப் பருப்பு வேகாமல் நிற்குமில்லையா? வால்வு சரியாக மூடாவிட்டாலும் அதே கதிதான். பெட்ரோல் எரியும், ஆனால் இழுவை இருக்காது.

எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 2000 தடவை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரத்தில் 1,20,000 தடவை! இவர் தினம் மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்தால் எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

வால்வின் தண்டை ‘ராக்கர்’ என்கிற ஒரு சின்ன இரும்புக் கை வந்து தட்டும்போது அது திறக்கிறது. கை விலகினதும் ஸ்பிரிங் அதை இழுத்து மூடிவிடும். இந்தக் கைக்கும் தண்டின் நுனிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘டேப்பெட் கேப்’ என்கிறார்கள். எங்கள் ஸ்பிளெண்டருக்கு அது 0.05 மில்லி மீட்டர், ஒரு தலைமுடிக் கனம்தான்.

எதற்கு இந்த இடைவெளி? நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் உலோகம் சூட்டில் விரியும், அதனால்தான் ரயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுகிறார்கள் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தது மறக்கவில்லை. அது ஞாபகம் இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆசாரி நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நூல் இடம் விட்டுத்தான் பொருத்துவார். ஐப்பசி அடைமழையில் மரம் ஊறிப் பருத்தாலும் கதவு சாத்த வர வேண்டுமே! வால்வுக்கு மழைக்குப் பதில் சூடு, அவ்வளவுதான். புகை போகிற வால்வு 600, 700 டிகிரி வரைக்கும்கூடச் சூடேறும். சூடேறினால் தண்டு நீளும். இடம் இல்லையென்றால் ராக்கர் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேயிருக்கும். வால்வு மூடின மாதிரி இருக்கும், மூடியிருக்காது.

இதில் இன்னொரு சங்கடம். வால்வு தன் சூட்டை எப்படி ஆற்றிக்கொள்கிறது தெரியுமா? மூடி உட்காரும் நேரத்தில் தன் விளிம்பை ‘சீட்’ என்கிற வளையத்தின் மேல் பதித்து, அதன் வழியாகத்தான் பெரும்பகுதிச் சூட்டை இறக்கி வைக்கிறது. நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிற பெண்பிள்ளை ஐந்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி. அந்த ஐந்து நிமிஷமும் கிடைக்காவிட்டால்? இடுக்கு வழியாக நெருப்புக் காற்று வேறு பீய்ச்சியடிக்க, வால்வின் விளிம்பு எரிந்தே போய்விடும்.

எங்கள் வண்டிக்கு அதுதான் நடந்தது.

ஒரு நாள் வண்டியிலிருந்து ‘டிக்கு டிக்கு’ என்று தையல் மெஷின் மாதிரி சத்தம் வருகிறதென்று இவர் வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தியிருக்கிறார். அங்கே இருந்தவர் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே மூடியைத் திறந்து, அளவுத் தகடு எதுவும் வைக்காமல், சத்தம் அடங்குகிற மட்டும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார். கூலி நூறு ரூபாய். வண்டியும் நிசப்தமாக ஓடிற்று. “புது வண்டி மாதிரி ஆயிடுச்சு பாரு” என்று இவருக்கு ஒரே சந்தோஷம். அவர் யார், எந்தப் பட்டறை என்பதெல்லாம் வேண்டாம். சத்தம் அடங்கினால் வியாதி தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டால் பொசுக்கென்று நின்றுபோக ஆரம்பித்தது. பிளக் மாற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். நான்கு நாள் சரியாக இருக்கும், மறுபடி பழைய குருடி கதவைத் திறடிதான். லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி 45-க்கு இறங்கிவிட்டது. பெட்ரோல் காசு இழுத்துக்கொண்டு போவதை என் கணக்கு நோட்டுத்தான் முதலில் சொல்லிற்று.

ஒரு சாயங்காலம் மகளைப் பஸ்ஸிலிருந்து அழைத்துக்கொண்டு இவர் சத்தியமங்கலம் பவானி ஆற்றுப் பாலத்தில் வந்திருக்கிறார். முன்னால் பஸ் மெதுவாகப் போக, இவரும் வேகத்தைக் குறைத்தாராம். எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் கரும்பு லாரி. லாரிக்காரர் புண்ணியவான், சமாளித்து நிறுத்திவிட்டார். மகள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. இவரோ, “ஒண்ணுமில்லே, சும்மா ஆஃப் ஆயிடுச்சு” என்கிறார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போனது. “ஏனுங்க, நாளைக்கு லைனுக்குப் போக வேண்டாம். அந்த வண்டியை யாராவது தெரிஞ்சவங்ககிட்ட முழுசாக் காட்டுங்க” என்று நின்றுவிட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பட்டறை என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகைதான். அவர் வண்டியைத் தொட்டதும் செய்தது ஒன்றே ஒன்று: கிக்கரைக் கையால் அமுக்கினார். அது வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. நல்ல வண்டியில் கிக்கர் ஓரிடத்தில் ‘கும்’மென்று எதிர்த்து நிற்கும் என்றார். “எஞ்சின் சூடா இருக்குது. இப்பத் தொடக்கூடாதுங்க அம்மிணி. ராத்திரி இங்கயே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் இவர் மைத்துனர் வண்டியை வாங்கிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டதால் நான் போய் உட்கார்ந்தேன். அப்படித்தான் இத்தனையும் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

எஞ்சின் தலைமேல் இரண்டு உருண்டை மூடி, இடது பக்கம் இரண்டு மூடி, நான்கையும் கழற்றினார். உள்ளே சுழல்கிற சக்கரத்தில் ‘டி’ என்று ஒரு குறி இருக்கிறது. அச்சை மெள்ளத் திருப்பி அந்தக் குறியை எதிர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தார். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், இரண்டு ராக்கரும் விரலால் அசைத்தால் லேசாக ஆட வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டுமாம். ஒன்று ஆடிற்று. புகை வால்வின் ராக்கர் அசையவேயில்லை. ‘ஃபீலர் கேஜ்’ என்று விசிறி மடிப்பு மாதிரி மெல்லிய தகடுகள் கோத்த கருவி ஒன்று. அதிலிருந்து 0.05 தகட்டை எடுத்துச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. எஞ்சின் ஆறி, எல்லாம் சுருங்கிக் கிடக்கிற நேரத்திலேயே இடைவெளி இல்லையென்றால் சூட்டில் என்ன கதி!

ஸ்க்ரூவைத் தளர்த்தி அளவு வைத்தார். மறுபடி கிக்கரை அமுக்கினால், அப்போதும் எதிர்ப்பில்லை. பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டி இன்னொரு தடவை அமுக்கினார். எண்ணெய் விட்டதும் எதிர்ப்பு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் கசிவு வால்வில். வரவில்லை. “ஹெட்டைத்தான் இறக்கணும்” என்றார் வருத்தமாக.

இறக்கி எடுத்த புகை வால்வை என் கையில் கொடுத்தார். எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஓரத்தில் ஒரு துண்டு காணோம்! சுற்றிலும் சாம்பல் பூத்திருந்தது. புது வால்வு வாங்கி, சாணைப் பசை தடவி, சீட்டின் மேல் வைத்து அரைமணி நேரம் தேய்த்தார். பிறகு புகை போகிற வழியில் பெட்ரோலை ஊற்றிக் கசிகிறதா என்று காத்திருந்தார், நாம் சந்தையில் மண்பானைக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற மாதிரி. ஒரு சொட்டு கசியவில்லை.

வால்வு, சீல், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 4,350 ரூபாய். சாமான் வாங்க, தேய்க்க, மாட்ட என்று நான்கு நாள் போயிற்று. இரவல் வண்டி ஒரு நாள்தான் கிடைத்தது. மூன்று நாள் லைன் போகாததில் வசூல் கமிஷன் போனது தனி. நர்ஸிங் படிக்கிற மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்கென்று டப்பாவில் வைத்திருந்த ஐயாயிரத்தை எடுத்துத்தான் கொடுத்தேன். அந்த மாதம் சீட்டுப் பணத்தைத் தள்ளிப் போட்டு, சீட்டுக்கார அக்காவிடம் கெஞ்சி, ஹாஸ்டலுக்குக் கட்டினோம். டேப்பெட் பார்த்துச் சரி செய்ய அந்தப் பெரியவர் வாங்குகிற கூலி நூற்றைம்பது ரூபாய்.

நான் அவரிடம் கேட்டேன்: “சத்தம் வந்தாத்தானுங்களே பழுது? சத்தமே இல்லாம எப்படிக் கெட்டுச்சு?” அவர் சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

இடைவெளி இரண்டு விதமாக மாறுமாம். ராக்கர் நுனியும், அதைத் தள்ளுகிற கேமும் தேய்ந்தால் இடைவெளி கூடும். அப்போது இரும்பும் இரும்பும் ஓங்கி மோதுவதால் டிக்கு டிக்கென்று சத்தம். வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், மூச்சுக் குறையும். இதுவும் நல்லதில்லை, நாளடைவில் தேய்மானம் அதிகமாகும். ஆனால் சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடுகிறது. இன்னொரு விதம், வால்வின் விளிம்பும் சீட்டும் லட்சக்கணக்கான தடவை மோதி மோதித் தேய்வது. அப்படித் தேய்ந்தால் வால்வு இன்னும் கொஞ்சம் உள்வாங்கி உட்காரும். அதன் தண்டு ராக்கரை நோக்கி ஏறும். இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் இல்லாமலே போய்விடும். இதற்குச் சத்தம் கிடையாது. இருந்த சத்தமும் அடங்கும்! எங்கள் வண்டியில் ஸ்க்ரூவை இறுக்கினவர் பல மாதத்தில் நடக்க வேண்டியதை ஐந்து நிமிஷத்தில் நடத்திவிட்டார்.

வீட்டிலும் அப்படித்தானே? “தலைவலி, தலைவலி” என்று புலம்புகிற நாத்தனாரை எல்லோரும் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். வாய் திறக்காமல் சோகை பிடித்து வெளுத்துப் போகிற மூத்த மருமகளை யாரும் கவனிக்க மாட்டார்கள். சரி, அதை இன்னொரு கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, சத்தம் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது. கணக்கு வைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு ஏறக்குறைய 3000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. இவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஒன்றரை மாதத்தில் வந்துவிடுகிறது. மாதம் 300 கிலோமீட்டர் ஓடுகிற வீட்டில் பத்து மாதம் ஆகும். ஒவ்வொரு வண்டிக்கும் அளவும் வேறு, கெடுவும் வேறு. வண்டி வாங்கும்போது ஒரு புத்தகம் கொடுப்பார்களே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கள், எண் போட்டு எழுதியிருக்கிறது. நான் காஸ் சிலிண்டர் மாற்றின தேதி எழுதுகிற பக்கத்திலேயே வண்டி மீட்டர் எண்ணையும் குறித்து வைக்கிறேன். ‘டேப்பெட் 61,200’ என்று எழுதியிருந்தால் அடுத்தது 64,200.

பட்டறையில் விடும்போது முதல் நாள் ராத்திரியே விட்டுவிட வேண்டும், அல்லது விடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அளவு ஆறின எஞ்சினுக்குத்தான். சூட்டில் தண்டு ஒரு அளவு நீளும், ஹெட் ஒரு அளவு நீளும், அப்போது பார்க்கிற அளவு பொய்யளவு. தகட்டை நுழைத்து இழுக்கும்போது, புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகை உருவினால் லேசாகப் பிடிக்குமே, அந்தப் பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கின பிறகு இன்னொரு தடவை தகடு வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கிறவர் நல்ல கைக்காரர். ‘சர்வீஸ்’ என்று சொல்லி நுரை போட்டுக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுக்கிறவர்களும் உண்டு. பளபளவென்று வண்டி வரும், டேப்பெட் மூடியைத் திறந்திருக்கவே மாட்டார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று நினைப்பேன். அவர் டிவிஎஸ் 50 வைத்திருந்தார். அது டூ-ஸ்ட்ரோக். பிஸ்டன் ஏறி இறங்கும்போதே சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்கள் திறந்து மூடிக்கொள்ளும், ராக்கரும் டேப்பெட்டும் கிடையாது. அந்த வண்டிகளோடு வளர்ந்தவர்களுக்குத்தான் இன்றைக்கும் டேப்பெட் என்றால் அலட்சியம். இப்போது ஓடுகிற டிவிஎஸ் எக்ஸ்.எல். 100, 2015-ல் வந்தபோதே ஃபோர்-ஸ்ட்ரோக்தான். அதற்கு வால்வு உண்டு.

பெரியப்பா வீட்டுப் பழைய புல்லட்டுக்கு வேறு கணக்கு. அதற்குத் தகடே வேண்டாம். ஆறின எஞ்சினில் டேப்பெட் கம்பியை விரலால் உருட்டினால் தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது, அவ்வளவுதான். 2009-ல் வந்த கிளாசிக் மாடலில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளி தானே சரியாகிக்கொள்கிற ஏற்பாடு வைத்துவிட்டார்கள். பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததாம், அது வால்வு சீட்டுக்கு ஒரு பூச்சு மாதிரி காவலாக இருந்ததாம். 2000 பிப்ரவரியிலிருந்து நம் தேசம் முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய புல்லட்காரர்கள் அதைச் சொல்லி அங்கலாய்ப்பார்கள். அங்கலாய்க்கட்டும். ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே ஆகாது. வால்வுக்காகப் பிள்ளைகளைக் கொடுக்க முடியுமா? இப்போதைய எஞ்சின்களில் சீட்டைக் கெட்டி உலோகத்தில் செய்துவிடுகிறார்கள்.

காலேஜ் போகிற பிள்ளைகள் ஆசைப்படுகிற கே.டி.எம். டியூக் 390 மாதிரி வண்டிகளில் ஸ்க்ரூ கிடையாது. ‘ஷிம்’ என்கிற சின்ன வில்லைகளை மாற்றித்தான் இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். அது கொட்டகைப் பட்டறை வேலை இல்லை, செலவும் கூட. வாங்குவதற்கு முன்னால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் ஓட்டுகிற ஆக்டிவா மாதிரி பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கும் இதே வால்வு, இதே டேப்பெட்தான். எஞ்சின் சீட்டுக்கடியில் மறைந்திருப்பதால் யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. சீட்டையும் பெட்டியையும் கழற்றினால்தான் கைக்கு எட்டும் என்பதால் மெக்கானிக்குகளும் தட்டிக் கழிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு வருகிற வழியில் போய் நின்றால் “எஞ்சின் சூடா இருக்குதுங்க அக்கா, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று சொல்லிவிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரியே விட்டுவிட்டு, டேப்பெட் பார்ப்பதற்காகத்தான் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.